மீண்டும் உயிர்பெற்ற படத்தாள்

ஒரு பொருளைப் புதிதாகப் படைத்தல் அரிய செயல். வழக்கொழிந்துபோன ஒன்றை மீண்டும் படைத்தல் அதனினும் அரிது. புதியதைப் படைப்போன் தான் கண்டதையே செம்மையானது என்று கொள்ளலாம்; 'முன்பு இவ்வாறு இருந்ததில்லையே' என்று அவனைக் கேட்பார் ஒருவரும் இலர். பழையதை மீட்போனுக்கோ அவ்வுரிமை இல்லை. முன்னிருந்த பொருளை நன்கறிந்தவர்கள் உயிரோடு இருக்கின்றனர், அவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவர், குறை கூறுவர். அங்ஙனம் குறை கூறுவோரையே துணையாகக் கொண்டு, நின்றுபோன தொழில் ஒன்றைச் சிலர் மீட்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அத்தொழில், உடனடி நிழற்படத்துக்குரிய தாளை ஆக்கும் தொழிலாகும். அது மீட்கப்பட்ட இடம் நெதர்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையை அடுத்த என்ஸ்கெடே என்னும் ஊர்.

மாணவர்களே, இந்நாளில் கைப்பேசியை நீட்டியவுடனே படம் கண்முன் தோன்றுகின்றது. ஆதலின், படம் எடுத்தபின் அதனைக் காணக் காத்திருத்தல் என்பது உங்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். முன்னாளில் நிழற்படக் கருவியினுள் பிலிம் என்னும் சுருளை இடுவர். அதில் உள்ள படங்கள் யாவும் எடுத்து முடிந்த பின்னரே சுருளை வெளியே எடுப்பர். இருட்டறையில் மருந்து நீரில் அதனைத் தோய்ப்பர். அதில் ஒளி நிழலாகவும் நிழல் ஒளியாகவும் மாறித் தோன்றும் எதிர்ப்படம் உண்டாகும். அதிலிருந்து மீண்டும் ஒரு தாளில் நேர்ப்படம் எடுத்தல் வேண்டும். கடைக்காரர் 'வியாழக்கிழமை வாருங்கள்' என்பார். வியாழக்கிழமை சென்றால் சனிக்கிழமை என்பார். (இதனைப் புகைப்படம் என்றே பலரும் வழங்குகின்றனர். புகைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆதலின் நிழற்படம் என்றே எழுதுகின்றேன்.)

இக்காத்திருப்பை ஒழித்தவர் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் 1909ஆம் ஆண்டில் பிறந்தவர்; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பட்டம் பெறாமலே வெளியேறியவர். ஒளியலைகளை ஒரே தளத்தில் அதிருமாறு வடிகட்டும் மெல்லிய தகட்டைக் கண்டறிந்து, அதனை ஆக்கி விற்பதற்காக 1937ஆம் ஆண்டில் போலராய்டு என்னும் நிறுவனத்தை நிறுவினார். வெயிற்கண்ணாடிகளில் அத்தகடு பயன்பட்டது. 1943ஆம் ஆண்டில், சாந்தா பே என்னும் நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, லாண்ட் தம் மகளைப் படமெடுத்தார். மூன்று வயதுக் குழந்தையாகிய அவள், எடுத்த படத்தை ஏன் இப்பொழுதே பார்க்க முடியாது என்று வினவினாள். குழந்தைகள் கேட்கும் இத்தகைய வினாக்களுக்கு நாம் ஏதேனும் ஒரு மறுமொழி கூறி வாயடைத்துவிடுகின்றோம். லாண்ட் அங்ஙனம் செய்யவில்லை. அவ்வூர்த் தெருக்களில் நடந்துகொண்டே அவ்வினாவை எண்ணிப் பார்த்தார். கருவி, தாள், மருந்து ஆகிய மூன்றும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது ஒரு மணி நேரத்துக்குள் தம் உள்ளத்தில் உருப்பெற்றுவிட்டதாகப் பின்னாளில் அவர் கூறினார்.

உள்ளத்தில் உருப்பெற்றது கைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க் நகரில், ஒளியியல் அறிஞர்கள் கூடிய அவையில், லாண்ட் தம்மைத் தாமே படமெடுத்து, ஒரு நிமிட அளவில் தாளைப் பிரித்துத் தம் முகத்தைக் காட்டினார். மறு ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் அக்கருவி விற்பனைக்கு வந்தது. விலை 89.75 டாலர், அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆயினும் கடையில் வைத்திருந்த கருவிகள் அனைத்தும் அன்றைக்கே தீர்ந்துவிட்டன. முதற்படங்கள் பழுப்பு நிறமாய் இருந்தன. 1950ஆம் ஆண்டில் கருப்பு வெள்ளைப் படங்களும், 1963ஆம் ஆண்டில் வண்ணப் படங்களும் வந்தன. இவை யாவும் பிரித்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அஃதாவது, மருந்து தடவிய இருதாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வெளிவரும்; குறித்த நேரம் சென்றபின் அவற்றைப் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எறிந்துவிடுதல் வேண்டும். எறிந்த தாள்கள் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் குப்பையாய்க் கிடந்தன.

எறிவதற்கு ஒன்றும் இல்லாத படத்தாளை லாண்ட் 1972ஆம் ஆண்டில் கொணர்ந்தார். எஸ்.எக்ஸ்.-70 என்பது அதற்குரிய கருவியின் பெயர். மடித்தால் சட்டைப்பையில் வைக்கத்தக்கது, விரித்தால் கருவி. பொத்தானை அழுத்தினால் சதுரமான படம் ஒன்று, வெண்மையான விளிம்புடன், கருவியின் வாயிலிருந்து வெளிவரும். வரும்போது அதில் ஒன்றும் இராது. பகலொளியில் நம் கையில் இருக்கும்போதே உருவமும் வண்ணமும் மெல்ல மெல்லத் தோன்றும்.

இது நிகழும் முறையைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். அறிந்தால்தான் பின்னர் என்ஸ்கெடே ஊரில் அவர்கள் பட்ட பாடு விளங்கும். அப்படத்தாள் பார்வைக்கு ஓர் அட்டை போன்றது. அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று, வெள்ளி உப்புகளால் ஆகியவை. ஒன்று நீலவொளியையும், ஒன்று பச்சையொளியையும், ஒன்று சிவப்பொளியையும் உணரும். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சாயம் உண்டு: நீலத்துக்கு மஞ்சள், பச்சைக்குச் செந்நீலம், சிவப்புக்கு நீலப்பச்சை. படத்தின் கீழ்விளிம்பு மற்ற விளிம்புகளைவிட அகன்றிருத்தலை நீங்கள் பார்த்திருக்கலாம். அஃது அழகுக்காக அமைந்ததன்று. காரத்தன்மை மிக்க பசை ஒன்றை அடைத்த சிறு உறை அவ்விளிம்பினுள் ஒளிந்திருக்கின்றது. தாள் வெளிவரும்போது கருவியின் இரண்டு உருளைகள் அதனை நசுக்கும், உறை வெடிக்கும், பசை படலங்களுக்கிடையே சீராகப் பரவும்.

பசை பரவியவுடன் சாயங்கள் மேல்நோக்கிப் புறப்படுகின்றன. ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உப்பு அந்தந்தச் சாயத்தைப் பற்றி நிறுத்திவிடுகின்றது. ஒளி படாத இடத்துச் சாயம் தடையின்றி மேலேறி, படம் தோன்றுதற்குரிய படலத்தை அடைகின்றது. நின்றவை எவை, ஏறியவை எவை என்னும் வேறுபாட்டாலேயே வண்ணப்படம் அமைகின்றது. ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வேலை முடிவதற்கு முன்னரே தாள் வெயிலில் வந்து நிற்கின்றதே! வெள்ளி உப்பின்மேல் புது வெளிச்சம் பட்டால் படம் முழுதும் கெட்டொழியுமன்றோ? லாண்டும் அவர்தம் உதவியாளர்களும் இதற்குக் கண்ட வழி மிக நுட்பமானது. பசையினுள் வெண்சுண்ணம் போன்ற ஒரு நிறமியோடு, ஒளிமறைப்புச் சாயம் ஒன்றையும் அவர்கள் கலந்தனர். காரம் மிகுந்திருக்கும்போது அச்சாயம் கருமையாய் நின்று, திரைபோல ஒளியைத் தடுக்கும். தாளின் உள்ளேயே இருக்கும் அமிலப் படலம் காரத்தைச் சிறிது சிறிதாக முறிக்கும். காரம் முறிய முறியத் திரை நிறமற்றதாகிவிடும். அடியில் ஆக்கப்பட்ட படம் வெண்மையான பின்புலத்தில் வெளிப்படும். இருட்டறை முழுவதையும் ஒரு விரற்கடை அகலமும் இல்லாத உறைக்குள் அடக்கிவிட்டார் லாண்ட் எனலாம்.

(வெளிவந்த படத்தைக் கையில் பிடித்து விசிறிபோல ஆட்டினால் விரைவில் தோன்றும் என்று பலர் நம்புகின்றனர். பிரித்தெடுக்கும் பழைய தாளை ஆட்டுதல் அதன் ஈரம் உலர உதவியது. இத்தாளுக்கு அதனால் பயன் இல்லை. அதிகம் ஆட்டினால் படலங்கள் விலகிக் கறையும் விழும்.)

உடனடிப் படம் வேடிக்கைக்கு மட்டும் பயன்பட்டதன்று. ஆன்சல் ஆடம்ஸ் என்னும் புகழ்பெற்ற இயற்கைக் காட்சிக் கலைஞர் போலராய்டு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் ஆலோசகராய் இருந்தார். வாக்கர் எவன்ஸ் என்பார் தம் முதுமையில் எஸ்.எக்ஸ்.-70 கருவியைக் கைக்கொண்டு ஏராளமான படங்களை எடுத்தார். ஆண்டி வார்ஹால் என்னும் ஓவியர் தாம் தீட்டவிருந்தோர் முகங்களை முதலில் இப்படத்தாளிலேயே பதிவு செய்துகொண்டார். ஒவ்வொரு படமும் தனிப்படம் என்பதே கலைஞரை ஈர்த்தது. எதிர்ப்படம் இல்லாமையால் அதற்குப் படி இல்லை, தொலைந்தால் தொலைந்ததே.

இத்தொழிலில் ஆதாயம் மிகுந்திருந்தமையின் கோடக் நிறுவனமும் 1976ஆம் ஆண்டில் உடனடிப் படக்கருவிகளை விற்கத் தொடங்கியது. தம் காப்புரிமைகள் மீறப்பட்டன என்று போலராய்டு வழக்குத் தொடுத்து, 1985ஆம் ஆண்டில் வெற்றி பெற்றது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில் கோடக் அத்தொழிலை விட்டு நீங்க நேர்ந்தது. இழப்பீடு மட்டும் 90 கோடி டாலருக்கு மேல். இதில் நாம் கருத வேண்டியது வேறொன்று. அதற்குள் கோடக் 1 கோடியே 60 இலட்சம் கருவிகளை விற்றிருந்தது. தாள் நின்றவுடன் அக்கருவிகள் அனைத்தும் வெறும் பெட்டிகள் ஆயின. வாங்கிய மக்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. வழக்கில் வென்ற போலராய்டு தன் கருவிகளை வாங்கியவர்களையும் பின்னொரு நாளில் இதே நிலையில் விடப்போகின்றது என்பதை அன்று எவரும் நினைத்திருக்கமாட்டார்.

லாண்ட் 1982ஆம் ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார். 1991ஆம் ஆண்டில் மறைந்தார். 1978ஆம் ஆண்டில் 20,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்த அந்நிறுவனம், மின்னணுக் கருவிகள் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளில் தளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் கடன்தீர்க்க இயலாமல் நொடித்தது. அதன்பின் பெயர் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது. படத்தாளுக்குரிய பல பொருள்களைப் பெருமளவில் ஒரே முறையாகச் செய்து சேமித்துக்கொண்டு, அவற்றை ஆக்கிய ஆலைகளை முன்னரே மூடிவிட்டனர். விதைநெல்லை உண்ட குடும்பம் அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில், உடனடிப் படத்தாளை இனிச் செய்வதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது.

1965ஆம் ஆண்டில் தோன்றிய என்ஸ்கெடே ஆலை 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. மூடுவிழாவுக்கு வந்தவர்களுள் ஒருவர் புளோரியன் காப்ஸ். வியன்னா நகரத்தவர், உயிரியல் பயின்றவர், சிலந்தியின் கண்கள் அசையும் முறையை ஆராய்ந்தவர். அவர் பின்னர் நிழற்படத்தில் ஈடுபட்டுப் போலராய்டுத் தாள்களை விற்கும் வணிகரானார். விழாவில் அவர் ஆந்த்ரே போஸ்மான் என்பவரைக் கண்டார். போஸ்மான் அவ்வாலையில் பொறியியல் பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். உடைத்துக் கழிக்கப்படவிருந்த பொறிகள் ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்தவர். ஒருவருக்கு விருப்பம் உண்டு, வாங்குவோர் யார் என்பதும் தெரியும். மற்றவருக்குச் செய்முறை தெரியும். இருவரும் சேர்ந்து முயல்வதென்று துணிந்தனர். அவ்வாண்டு அக்டோபரில், பொறிகளை 31 இலட்சம் டாலருக்கு வாங்கி, ஆலையின் வடக்குக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். ஆலையில் முன்பு பணியாற்றியவர்களுள் 10 பேர் அவர்களோடு சேர்ந்தனர்.

அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'இம்பாசிபிள் பிராஜெக்ட்' என்பது. 'இயலாத் திட்டம்' என்று அதனைத் தமிழில் கூறலாம். செய்யத்தக்க செயல் முதன்மையானதாகவும் ஏறக்குறைய இயலாததாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை லாண்ட் கூறியிருந்தார்; அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது. இலக்கண ஆசிரியன் என்னும் முறையில் ஈண்டு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. இயலாது என்பது வேறு. இயன்றிலது என்பது வேறு. முன்னது எக்காலத்தையும் மறுக்கும். பின்னது சென்ற காலத்தை மட்டும் மறுக்கும். காப்ஸும் போஸ்மானும் முன்னதைப் பெயராக வைத்துக்கொண்டு பின்னதை மனத்திற் கொண்டனர்.

இனி, அவர்கள் கையில் இருந்தவை எவை, இல்லாதவை எவை என்று பார்ப்போம். பொறிகள் இருந்தன. ஆனால் என்ஸ்கெடே ஆலையில் நடந்தது பெரும்பாலும் இணைத்து முடிக்கும் வேலை. ஒளியுணரும் படலம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பசைக்குரிய மருந்துகளும் சாயங்களும் அங்கிருந்தே வந்தன. அவற்றைச் செய்த ஆலைகள் ஒழிந்துவிட்டன. வெளியார் விற்ற பொருள்கள் சிலவும் வாங்குவார் இன்மையால் நின்றுபோயின. பழைய செய்முறையை அப்படியே எடுத்து நடத்துதல் என்பதற்கே இடமில்லை. சமையற்குறிப்பு இருக்கின்றது, அடுப்பும் இருக்கின்றது. ஆனால் அரிசியும் பருப்பும் உலகில் எங்கும் விளைவதில்லை என்றால் சமைப்பவர் என் செய்வார்? வேறு தானியம் கொண்டு அதே சுவையை வரவழைக்க முயல வேண்டும். அதனையே அவர்கள் செய்தனர்.

ஒரு பொருளை மாற்றினால் அதனோடு நிற்பதில்லை என்பது இத்தொழிலின் கொடுமை. சாயம் மேலேறும் வேகம் பசையின் காரத்தைப் பொறுத்தது. காரம் முறியும் நேரம் அமிலப் படலத்தைப் பொறுத்தது. திரை விலகும் நேரம் அம்முறிவைப் பொறுத்தது. ஒன்றைத் தொட்டால் மற்றவை எல்லாம் ஆடும். லாண்ட் இதனைச் செம்மை செய்தபோது அவருக்குப் பின்னால் பெரிய ஆய்வுக்கூடங்களும், வேதியியல் அறிஞர் பலரும், ஆண்டுக்கணக்கான பொருட்செலவும் நின்றன. என்ஸ்கெடேயில் நின்றவர் ஒரு சிலரே. குத்தகை நாளும் கைப்பணமும் கரைந்துகொண்டிருந்தன.

அச்சிலரிடம் இருந்த செல்வம் ஒன்று உண்டு. அது கணக்கேட்டில் ஏறாதது. இப்பொறி எந்த ஒலியில் ஓடினால் சரியாய் ஓடுகின்றது, உறையை ஒட்டும்போது எவ்வளவு சூடு இருத்தல் வேண்டும், பசை பரவாமல் ஓரத்தில் வெண்புள்ளி விழுந்தால் குற்றம் எங்கே என்பனபோன்ற அறிவு அது. இத்தகைய அறிவைப் பெரும்பாலும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. எழுதினாலும் படித்தவனுக்கு அது கைவருவதில்லை. தச்சரும் தட்டாரும் நெசவாளரும் இதனை அறிவர். ஆலை மூடியபின் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தால் அப்பதின்மரும் வெவ்வேறு வேலைகளுக்குச் சிதறியிருப்பர். சிலர் முதுமையடைந்து ஓய்ந்திருப்பர். பொறிகளை மட்டும் காத்துவைத்திருந்தாலும் அவை இரும்பாய் நின்றிருக்கும். போஸ்மானும் காப்ஸும் காலந்தாழ்த்தாமல் ஆட்களையும் சேர்த்தே மீட்டனர் என்பதனாலேயே இவ்வரலாறு எழுதத்தக்கதாயிற்று என்பது என் கருத்து.

2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதல் தாள்கள் வெளிவந்தன. அவை கருப்பு வெள்ளைத் தாள்கள், எஸ்.எக்ஸ்.-70 கருவிக்கு ஒன்றும், அதற்குப் பின் வந்த 600 வகைக் கருவிக்கு ஒன்றுமாக இருவகை. வண்ணத் தாளும் அவ்வாண்டிலேயே வந்தது. பழைய கட்டில் 10 தாள்கள் இருந்தன; புதிய தாள் சற்றுத் தடித்திருந்தமையின் 8 தாள்களே அடங்கின.

உண்மையைக் கூறவேண்டுமாயின், அத்தாள்கள் நல்லவை அல்ல. லாண்ட் கண்ட ஒளிமறைப்புத் திரைக்கு ஈடான ஒன்று அவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. ஆதலின் படம் வெளிவந்த நொடியிலேயே அதனை வெளிச்சம் படாமல் மறைத்தல் வேண்டியிருந்தது. கருவியின் வாயருகே அட்டையைக் கட்டியும், கறுப்புத் துணியால் மூடியும், சட்டைக்குள் செருகியும் மக்கள் அதனைக் காத்தனர். பின்னர்ச் சுருண்டு விரியும் மெல்லிய மறைப்பு ஒன்றைச் செய்தனர். படம் வெளிவரும்போது அதுவும் நீண்டு படத்தைப் போர்த்தும். அதற்குத் 'தவளை நாக்கு' என்று பெயரிட்டனர், பொருத்தமான பெயர். வண்ணப் படம் முழுதும் தோன்ற அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆயிற்று. குளிரில் படம் வெளுத்தது. வெப்பத்தில் மஞ்சளும் சிவப்பும் படர்ந்தன. 13 முதல் 28 பாகை வரையுள்ள வெப்பநிலையே அதற்கு ஏற்றது. நம் ஊர்க் கோடையில் எடுப்பவர் நிழல்தேடி ஒதுங்கவேண்டியதுதான். முதற்கால கருப்பு வெள்ளைப் படங்கள் சில, உள்ளே ஈரம் தங்கியதால், சில வாரங்களில் பூஞ்சணம் பூத்தாற்போலப் படிகங்கள் படர்ந்து அழிந்தன. அதனைத் தடுக்க, எடுத்த படங்களை ஈரம் உறிஞ்சும் பொருளோடு பெட்டியில் வைத்து உலர்த்தல் வேண்டும் என்று நிறுவனத்தாரே அறிவுரை கூறினர்.

இத்தகைய பொருளை, எட்டுத் தாளுக்கு 20 டாலர் அளவில் விலை கொடுத்து வாங்கியவர் யார்? கருவியைக் கைவிட மனம் வராத நிழற்படக்காரர்கள். எட்டில் மூன்று கெட்டாலும் எஞ்சிய ஐந்துக்காக அவர்கள் மீண்டும் வாங்கினர். எந்த வெப்பத்தில் எந்தக் குறை வந்தது என்று குறித்துவைத்தனர், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர், ஆலைக்கும் எழுதினர். சிலர் அக்குறைகளையே அழகாகக் கொண்டனர். வெளிறிய நிறமும் ஓரத்துக் கறையும் கனவிற் கண்டாற்போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்றனர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் குறையைக் குறையென்று சொன்னவர்களாலேயே தாள் திருந்தியது. திரைக்குரிய சாயமும் பசையும் பலமுறை மாற்றியமைக்கப்பட்டன. இப்பொழுது வண்ணப் படம் தோன்ற 10 முதல் 15 நிமிடமும், கருப்பு வெள்ளைக்கு 5 முதல் 10 நிமிடமும் ஆகின்றன. வெளிவந்தவுடன் மறைத்தல் இன்றும் நன்றென்பர். 1970களில் வெளிவந்த தாளின் விரைவும் உறுதியும் இதற்கு வரவில்லை என்று பழையோர் கூறுவதுண்டு.

உலகில் போலராய்டுக் கருவிகள் கோடிக்கணக்கில் கிடந்தன. பரணில் கிடந்தவற்றை மக்கள் எடுத்துத் துடைத்தனர். பழையன தேய்ந்து தீருமன்றோ? ஆதலின் 2016ஆம் ஆண்டில் புதுக் கருவி ஒன்றையும் அவர்கள் செய்தனர். காப்ஸ் அதற்கு முன்னரே விலகிவிட்டார். 2017ஆம் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. இயலாத் திட்டத்தின் பெரும்பங்குதாரராயிருந்த போலந்து நாட்டுக் குடும்பத்தார் போலராய்டு என்னும் பெயரையும் அதற்குரிய உரிமைகளையும் விலைகொடுத்து வாங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் 'போலராய்டு ஒரிஜினல்ஸ்' என்று பெயர் மாறியது. 2020ஆம் ஆண்டில் அடைமொழியும் நீங்கிப் 'போலராய்டு' என்றே ஆயிற்று. தாய் கைவிட்ட தொழிலை எடுத்து வளர்த்தவர்களுக்கே தாயின் பெயரும் வந்து சேர்ந்தது. தாள் இன்றும் என்ஸ்கெடேயில் அப்பழைய பொறிகளைக் கொண்டே ஆக்கப்படுகின்றது.

போலராய்டு கைவிட்டது வணிக நோக்கிலும் அவசர முடிவே என்று கொள்ள இடமுண்டு. ஜப்பான் நாட்டுப் பியூஜி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் இன்ஸ்டாக்ஸ் என்னும் உடனடிப் படக்கருவியை விற்றுவந்தது. இடையில் அதற்கும் விற்பனை மிகக் குன்றியது. ஆயினும் அவர்கள் ஆலையை மூடவில்லை. 2018ஆம் நிதியாண்டில் சுமார் ஒரு கோடிக் கருவிகள் விற்றன. கைப்பேசியோடு பிறந்து வளர்ந்த இளைஞர்களே அவற்றைப் பெரிதும் வாங்கினர்.

ஆயினும் அதே பியூஜி நிறுவனம், பிரித்தெடுக்கும் வகைத் தாள்களுள் தான் செய்துவந்த கடைசி வகையை நிறுத்துவதாக 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. லாண்ட் 1947ஆம் ஆண்டில் அவையோர்க்குக் காட்டிய வகையின் வழிவந்த தாள் அது. காப்ஸ் ஜப்பானுக்குச் சென்று அத்தொழிலையும் தம்மிடம் விடுமாறு வேண்டினார். இம்முறை பொறிகள் கிடைக்கவில்லை. பின்னர் 2019ஆம் ஆண்டில் அவரும் துணைவர்களும் வியன்னா நகரில் அவ்வகைத் தாளைக் கையினாலேயே இணைத்துச் செய்ய முற்பட்டனர். ஆலையில் செய்தபோது கட்டு ஒன்றுக்குத் தாள் பத்து. இவர்கள் செய்த கட்டில் இருந்தது ஒரே தாள்.